அப்பாவின் இரத்தத்தில் ஒரு மாத்திரை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மருந்து மாத்திரை எதுவும் சாப்பிடாத ஒருவருடைய சிறுநீருக்கு எப்போதும் கிராக்கி உண்டு. நோயாளியின் மாதிரியில் தூக்க மருந்து இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், ஒன்றுமே இல்லாத மாதிரி ஒன்றை மெஷினில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் மெஷின் வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் அடுத்ததில் அது சொல்வதை நம்பலாம். அந்த வெற்று மாதிரிக்கு எங்கே போவது? கூட வேலை செய்பவர்களில் தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவள் நான் ஒருத்திதான். ஆகவே பல வருடங்களாக, புதுச்சேரியில் எங்கள் கூடத்தின் குளிர்பெட்டியில் என் சிறுநீர் சின்னச் சின்ன பாட்டில்களில் வரிசையாக நிற்கிறது. நீங்கள் வேலையை விட்டுப் போனால் நாங்கள் கடையை மூட வேண்டியதுதான் என்று கிண்டல் செய்வார்கள்.

ஒரு திங்கட்கிழமை, என்னுடையதை ஓட்டி முடித்துவிட்டு அடுத்ததாக ஓட்டியது என் அப்பாவின் சிறுநீரை. என்னுடையதற்குத் திரையில் கோடு தட்டையாகக் கிடந்தது. அப்பாவுடையதற்கு ஒரு முகடு எழுந்தது. அல்பிரசோலம். பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் சாதாரண மாத்திரைதான். ஆனால் அப்பாவுக்கு எந்த டாக்டரும் அதை எழுதிக் கொடுத்ததில்லை.

அப்பா நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பகுதியில் வேலை பார்த்தவர். நானும் தம்பியும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில்தான் பிறந்து வளர்ந்தோம். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து என்ற ஊர்ப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். தம்பிக்கும் அதே பெல்ட்டில்தான் வேலை. அப்பா பெர்மனென்ட்டாக இருந்த இடத்தில் அவன் கான்ட்ராக்ட். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே இருப்பார்கள். "நீ இப்ப தொடைக்கிற பெல்ட்ட நான் ஒருநாளும் நிக்காம ஓட்டினேன்டா" என்பார் அப்பா. "அதான் இப்ப பாதி நாள் நிக்குது" என்பான் அவன்.

ஷிஃப்ட் வேலைக்காரர் வீட்டில் சாப்பாட்டு நேரம் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை, ஷிஃப்டைப் பார்த்து வரும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்தில் ஆள் இரண்டரை மணிக்கு வீடு சேர்ந்த பிறகுதான் மதியச் சோறு. செகண்ட் ஷிஃப்ட் என்றால் ராத்திரிச் சோறு பத்தரை மணிக்கு மேல். நைட் ஷிஃப்ட் என்றால் விடிந்து அவர் வந்த பிறகு காலை இட்லி. வீட்டில் இருப்பவர்கள் அதற்கு முன்னால் தட்டு எடுப்பதில்லை. அப்பா வேலையில் இருந்த காலத்தில் நாங்கள் அவருக்காகக் காத்திருந்தோம். தம்பி வேலைக்குப் போன பிறகு அப்பா அவனுக்காகக் காத்திருந்தார். பசி தாங்க மாட்டார், ஆனாலும் வாசல் கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வந்தவனுக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டு, பிறகு அவனைத் திட்டுவார், என்னடா இவ்வளவு நேரம் என்று.

ஒருநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்த தம்பி, வடலூர் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான். அப்பா அன்றைக்கும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

அப்பாவுக்கு மறதி அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. சாவியை வைத்த இடம் மறப்பது, மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து இன்னும் போகவில்லையே என்பது, அந்த மாதிரி. தம்பியை அடக்கம் செய்த பிறகு அது வேகமாக ஏறியது. அப்புறம் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் போனாலும் தூக்கம், மதியம் போனாலும் தூக்கம். தட்டி எழுப்பினால் கண்ணைத் திறப்பார், யாரோ என்று பார்ப்பார், வாயோரம் எச்சில் வழியும், மறுபடி சாய்ந்துவிடுவார். இரண்டு முறை குளியலறையில் விழுந்தார். என்னை வீட்டு வாசலில் பார்த்ததுமே கேலி செய்ய ஆரம்பிக்கும் மனிதர். அந்த மனிதர் எங்கே போனார் என்று எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

டவுன்ஷிப்பில் எங்கள் குடும்பத்தை நெடுநாளாகப் பார்த்துவரும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் அப்பாவின் கண்ணை டார்ச் அடித்துப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு அம்மாவிடம் கேட்டார்: "தூக்க மாத்திரை ஏதாச்சும் குடுக்கறீங்களாம்மா?"

"இல்லைங்க சார்" என்றாள் அம்மா உடனே.

அம்மாவும் அப்பாவும் ஆட்டோவில் ஏறிய பிறகு டாக்டர் என்னை மட்டும் நிறுத்திச் சொன்னார். மறதி நோய் இவ்வளவு வேகமாகப் போகாது, இது மருந்து மயக்கம் மாதிரி இருக்கிறது என்றார். நோய் என்றால் நாம் செய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. மருந்து என்றால் நிறுத்திப் பார்க்கலாம், அப்பா கொஞ்சம் திரும்பக் கிடைப்பார். அந்தக் 'கொஞ்சம்' எனக்குப் போதும் என்று நினைத்தேன். அடுத்த முறை போனபோது, சுகர் பார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிச் சிறுநீர் எடுத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் கூடத்தின் தலைமை மேடத்திடம் முழுக் கதையையும் சொன்னேன். டாக்டரின் சீட்டை வாங்கி முறையாக எண் போட்டுப் பதிவு செய், கணக்கை இன்னொருத்தர் சரிபார்க்கட்டும், அவ்வளவுதான் என்றார். அந்த வேலை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியது. மாதிரியைச் சுத்தப்படுத்தி, சுழற்றி, தெளிந்ததை எடுத்து மெஷினுக்குக் கொடுத்தால், அது ஒரு விரல் நீளமுள்ள எஃகுக் குழாய் வழியாகத் திரவத்தை அழுத்தித் தள்ளும். குழாய்க்குள் மைதா மாவைவிடப் பொடியான தூள் இறுக அடைத்திருக்கும். கலந்து கிடக்கும் சரக்கெல்லாம் அந்தத் தூளில் ஒட்டி ஒட்டி நகரும். சிலது சீக்கிரம் விட்டுவிட்டு ஓடிவரும், சிலது விடாமல் பிடித்துக்கொண்டு நின்று கடைசியில் வரும். ஒவ்வொரு மருந்துக்கும் வெளியே வருவதற்கென்று ஒரு நேரம். அந்த நேரத்தில் முகடு எழுந்தால் அந்த மருந்து, முகடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு மருந்து. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், ஆபரேஷனுக்குப் பிறகு கண் திறக்காதவர்கள், பஸ்ஸில் பிஸ்கட் கொடுத்து மயக்கி நகை பறிக்கப்பட்டவர்கள் என்று எத்தனையோ பேருடைய உடம்பு எனக்கு முகடாகத்தான் தெரியும். முகம் தெரிந்த ஒருவரின் மாதிரியை நான் ஓட்டியது அதுதான் முதல் முறை.

முகடு எழுந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். கையைத் தட்டியே விட்டேன். பக்கத்தில் நின்ற மேடம் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"மருந்துதான் மேடம். நோய் இல்ல. மருந்துன்னா நிறுத்திடலாம்ல?"

"அது சரி" என்றார் அவர். "குடுக்கிறது யாரு?"

எனக்கு அந்தக் கேள்வி அப்போது பெரிதாகப் படவில்லை. மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் மாத்திரை அட்டையின் பொடி எழுத்தை யார் பார்க்கிறார்கள்? அடுத்த ஞாயிறு ஊருக்குப் போய் அப்பாவின் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் போட்டேன். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, சத்து மாத்திரை. எல்லாம் சரியாக இருந்தது. அம்மா தரையில் சிதறியதைப் பொறுக்கிப் பொறுக்கி மறுபடி டப்பாவில் போட்டாள்.

டாக்டர் இரத்தத்தில் பார்த்துவிடலாம் என்றார். சிறுநீர், மருந்து வந்து போனதைத்தான் சொல்லும். இப்போது உடம்பில் எவ்வளவு ஓடுகிறது என்பதை இரத்தம்தான் சொல்லும். மூன்று ஞாயிறு, மதியம் மூன்று மணி வாக்கில், டாக்டரின் கிளினிக்கில் அப்பாவுக்கு இரத்தம் எடுத்தோம். அங்கேயே தெளியவைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் புதுச்சேரிக்குக் கொண்டுபோனேன். குள்ளஞ்சாவடியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண், பெட்டியை முகர்ந்து பார்ப்பதுபோல் குனிந்து, "இன்னா மீனும்மா வாங்கினு போற?" என்று கேட்டாள். வஞ்சிரம் என்று சொன்னேன். விலை கேட்டாள். அதையும் வாய்க்கு வந்தபடி சொன்னேன். "ஏமாத்திட்டாங்க உன்ன" என்று எனக்காக வருத்தப்பட்டாள்.

மூன்று இரத்தமும் மூன்று விதமாகப் பேசின. முதல் வாரம் மருந்து ஏராளமாக ஓடியது, விழுங்கி வெகுநேரம் ஆகியிருக்காது. அடுத்த வாரம் அதில் பாதியளவு. மூன்றாம் வாரம் தேடிப் பிடிக்கும்படி கொஞ்சம், முந்தின இரவு விழுங்கியதன் மிச்சம் மாதிரி. தவறுதலாகக் கலந்துவிட்ட மாத்திரை என்றால் தினமும் ஒரே நேரத்தில் அல்லவா போயிருக்க வேண்டும்? நான் மூன்று படங்களையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடம் வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"ஒரே ஆளு, ஒரே மாத்திரை. குடுக்கிற நேரம்தான் மாறுது. உங்க வீட்ல வாரா வாரம் என்ன மாறும்?"

"ஷிஃப்ட்தான் மேடம் மாறும்" என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன். ஷிஃப்ட் வீட்டில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். சொன்ன பிறகுதான் யோசித்தேன். எங்கள் வீட்டில் ஷிஃப்ட் போக இப்போது யார் இருக்கிறார்கள்? ஆனாலும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தம்பி உயிரோடு இருந்தால் முதல் வாரம் அவனுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். அடுத்தது நைட், விடிந்து வருவான். மூன்றாவது செகண்ட், ராத்திரி வருவான். ஒவ்வொரு வாரமும் அவன் வீடு திரும்பும் நேரத்துக்குச் சற்று முன்னால் அப்பாவுக்கு மாத்திரை உள்ளே போயிருந்தது.

அந்தக் கணக்கைத் தலையில் வைத்திருக்கக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருத்திதான்.

மறுநாளே லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன். அம்மா சமையலறையில் அரிவாள்மணையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா, தம்பி ஷிஃப்ட் பாத்துதான் அப்பாவுக்கு மாத்திரை குடுக்கறியா?"

அவள் கை நின்றது. மறுப்பாள் என்று எதிர்பார்த்துச் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் மறுக்கவில்லை.

"மெஷின் சொல்லிச்சா?"

"ஆமா."

"பொல்லாத மெஷின்தான்" என்று சொல்லிவிட்டு மீதிக் காயை நறுக்கினாள்.

அந்த மாத்திரை அவளுடையது. தம்பி போன பிறகு தூக்கமே இல்லை என்று அவளுக்கு வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்தது. அவள் ஒன்றுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் மோரில் கரைத்து அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறாள். நான் கத்தினேன். விழுந்து மண்டை உடைந்திருந்தால் என்ன செய்வாய் என்றேன். டாக்டர் கேட்டபோது ஏன் பொய் சொன்னாய், நான் அப்பாவை நோய் தின்றுவிட்டது என்று பஸ்ஸில் அழுதுகொண்டு போனேனே என்றேன். இது கொடுமை, ஒரு மனிதனை உயிரோடு பொட்டலம் கட்டி வைப்பது என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"நீ வர, ரெண்டு நாள் இருந்துட்டுப் போற. இந்த வூட்ல நடக்கறது ஒனக்கு இன்னா தெரியும்? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரம்னா ரெண்டு மணிக்கே போயி கேட்டாண்ட நின்னுக்கினு இருப்பாரு. தம்பி இன்னும் வரல, தம்பி இன்னும் வரலன்னு. வாரம் மாறினா அவரு நேரமும் மாறிடும். எல்லாம் மறந்துபோச்சி, இந்த ஷிஃப்ட்டு மட்டும் மறக்கல பாரு. டபுள் டூட்டின்னு சொன்னேன். சரின்னுட்டு அங்கயே நிப்பாரு, வெயில்ல. ஒரு வாய் சாப்புட மாட்டாரு. இதுக்கு மேல தாங்காதுன்னு ஒருநாள் நெஜத்த சொல்லிட்டேன். அடக்கம் பண்ண அன்னிக்கி எப்படி அழுதாரோ அப்படியே அழுதாரு. மறுநாளு மறந்துட்டாரு. மறுபடியும் கேட்டாண்ட போயி நின்னாரு. மறுபடியும் சொன்னேன். எத்தினி தடவடி சொல்றது, எம்புள்ள செத்துட்டான்னு என் வாயால?"

 நியாயம் அவள் பக்கம் இருந்தாலும் விட்டுக்கொடுக்காத பிறவி நான். அப்பா எனக்கு வேண்டும் என்று சொன்னேன். சின்னப் பிள்ளை பொம்மை கேட்பதுபோலத்தான் சொன்னேன்.  அம்மா அரிசி டின்னுக்குள் கைவிட்டு மாத்திரை அட்டைகளை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். நான் லீவை நீட்டித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். அந்த நாட்கள் மோசம். அப்பா நடுங்கினார், எரிந்து விழுந்தார், என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அம்மா, சொன்னேன் பார் என்று முகத்தால்கூடக் காட்டவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு ஒரு காலையில் அப்பா தானே எழுந்து வந்து ஹாலில் உட்கார்ந்தார். நான் காபி கொண்டுபோனேன். டம்ளரை வாங்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் பாப்பா இப்படி எலும்பா போயிட்ட? பாண்டிச்சேரில சோறு போட மாட்டாங்களா?"

நான் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டேன்.

"இன்னும் அந்த மூத்திர ஆபீஸ்தானா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"நல்ல சம்பளம்னா எதுவா இருந்தா இன்னா" என்று சொல்லிவிட்டுக் காபியை ஊதி ஊதிக் குடித்தார். நான் சமையலறைக்கு ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அப்பா திரும்பி வந்துவிட்டார் என்றேன். "வந்துட்டாரு" என்றாள் அவள். அன்று காலை முழுவதும் நான் வீட்டுக்குள் பாடிக்கொண்டே திரிந்தேன். அவர் தானே முகச்சவரம் செய்துகொண்டார், தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். ரேடியோ கேட்டார். பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை நம் பக்கம் விழுகிறது என்று குறை சொன்னார். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு அவர் எழுந்து வாசலுக்குப் போனார். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். வெயில் மண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் குடையை எடுத்துக்கொண்டு போய் அவர் தலைக்கு மேல் பிடித்தேன்.

"உள்ள வாங்கப்பா, சாப்பிடலாம்."

"தம்பி வரட்டும்."

"அவனுக்கு நேரம் ஆகும்பா."

"ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுதான? இப்ப வந்துருவான். நீ போயி சாப்புடு."

அரைமணி நேரம் நின்றார். முக்கால் மணி நேரம் நின்றார். கால் மாற்றி மாற்றி ஊன்றினார். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் கழுத்தை நீட்டினார். "லேட்டானா போன் பண்ணுவானே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் முகத்தில் பயம் ஏறுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அம்மா சொல்லிக் கேட்டபோது அது எனக்கு ஒரு தகவலாகத்தான் இருந்தது. நேரில் பார்க்க முடியவில்லை. என்னால் தாங்க முடியவில்லை என்பதால்தான் சொன்னேன், அவருக்கு நல்லது என்று யோசித்துச் சொல்லவில்லை.

"அப்பா, தம்பி இல்லப்பா. இறந்துட்டான்பா. வடலூர் ரோட்ல ஆக்சிடென்ட். நீங்கதான்பா கல்லறைல மண் போட்டீங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். விளையாடுகிறேனா என்று முகத்தில் தேடினார். பிறகு கேட்டைப் பிடித்தபடியே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். அப்புறம்தான் அழுகை வந்தது. நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்தேன். தெருவில் போன ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, தெரிந்த கதைதான் என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு போனார். இதை அம்மா எத்தனை முறை தனியாகச் செய்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளைக் கொடுமைக்காரி என்றேனே என்று வெட்கமாக இருந்தது. மாத்திரையை நானே எடுத்துவந்து கொடுத்துவிடலாமா என்றும் நினைத்தேன்.

திடீரென்று அப்பா அழுகையை நிறுத்தினார். தலையைத் தூக்கி என் கையைப் பிடித்தார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

நான் வீட்டைப் பார்த்தேன். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். என் கண்ணைப் பார்த்தாள். பிறகு, தெரியாது என்று மெல்லத் தலையை ஆட்டினாள்.

"தெரியாதுப்பா" என்றேன்.

"சொல்லிடாத" என்றார். குரல் அவருடைய பழைய குரலாக இருந்தது, ஷிஃப்டில் ஆட்களுக்கு வேலை சொல்லும் குரல். "அவ தாங்க மாட்டா. நானே பாத்துக்கறேன்."

கேட்டைப் பிடித்து எழுந்தார். வாசல் குழாயில் முகத்தைக் கழுவினார், மறுபடி கழுவினார், வேட்டி நுனியால் துடைத்தார். என்னிடம் முகத்தைக் காட்டி, அழுதது தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. உள்ளே போய், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, குரலை உயர்த்தினார்.

"இந்தாம்மா, தம்பிக்கு டபுள் டூட்டியாம். நாளைக்கிதான் வருவான். நீ தட்ட வையி."

"அப்படிங்களா" என்றாள் அம்மா. "சரிங்க."

இரண்டு தட்டு வைத்தாள். அவர் அவளையும் உட்காரச் சொன்னார். அவள் உண்கிறாளா என்று பார்த்துப் பார்த்துத் தானும் உண்டார். கொத்தவரங்காயை அவள் தட்டில் தள்ளி வைத்தார். மகன் இறந்த செய்தியைக் கேட்டுக் கால்மணி நேரம்கூட ஆகாத மனிதர், மனைவி சந்தேகப்படக்கூடாதே என்று மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். மகனைப் பறிகொடுத்தவள் எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவளாகச் சோறு பிசைந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் மறுபடி கேட்டுக்குப் போகவில்லை. மாத்திரை இல்லாமலே தூங்கினார்.

மறுநாள் எல்லாம் மறந்துபோனது. இரண்டு மணிக்கு மறுபடி வாசலுக்குப் போனார். மறுபடி நான் சொன்னேன். மறுபடி அழுதார். மறுபடி என் கையைப் பிடித்து, அம்மாவிடம் சொல்லாதே என்றார்.

டாக்டரிடம் சொன்னேன். இப்படிப்பட்டவர்களுக்கு மரணச் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லக்கூடாது என்றுதான் படித்திருக்கிறோம் என்றார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "ஆனா சாப்பிடறாரு, நடக்கறாரு, விழல" என்றார். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. போகப் போக நோய் முற்றும், இந்தக் கேள்வியும் ஒருநாள் நின்றுபோகும் என்றார். அந்த நாளை நினைத்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அம்மா சொன்னால் அது பலிக்காது. அவள் சொல்லிவிட்டால் பிறகு அவர் யாரைக் காப்பாற்றுவார்? நான்தான் சொல்லியாக வேண்டும். லீவு முடிந்ததும் புதுச்சேரிக்குத் திரும்பிவிட்டேன். இப்போது தம்பியின் ஷிஃப்டை நானும் தலையில் வைத்திருக்கிறேன். அந்தந்த வாரத்தில் அவன் வீடு திரும்ப வேண்டிய நேரத்துக்கு நான் போன் செய்கிறேன். அம்மா பழைய பட்டன் போனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள்.

ஒருமுறை நான் அம்மாவைப் போனில் தனியாகக் கேட்டேன், உன்னால் முடிகிறதா என்று. "முன்னல்லாம் அவரு தூங்கிட்டா, பீரோல இருக்கற அவன் போட்டோவ எடுத்து வெச்சிக்கினு கொஞ்ச நேரம் அழுவேன். இப்ப முழிச்சிக்கினு இருக்காரு. நான் அழுதா கண்டுபுடிச்சிருவாரு" என்றாள். மகனுக்காக அவள் அழுதே வெகுநாள் ஆகிறது. அதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, விவரமாகத்தான் சொன்னாள். நான்தான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

இது ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரம். இன்று மதியம் மெஷினில் மாதிரிகளை ஏற்றிவிட்டு வராந்தாவுக்கு வந்து போன் செய்தேன்.

"அப்பா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இல்ல பாப்பா. சொல்லு."

சொன்னேன். அவர் அழுது முடிக்கும்வரை காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பழகிவிட்டேன் என்று யாராவது நினைத்தால் அது தப்பு.

"அம்மாகிட்ட சொல்லிடாத" என்றார்.

"சொல்லலப்பா."

போனை அணைக்க அவருக்கு இப்போது தெரிவதில்லை. அது மேஜைமேல் திறந்தே கிடக்கும். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் வந்தது. நாற்காலி இழுபட்டது. தோட்டத்துக் கதவு திறந்து அம்மா உள்ளே வருவது கேட்டது. அவர் பேச்சைத் தொடங்க வசதியாக, முன்பு அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இப்போது அவள்தான் கேட்கிறாள்.

"தம்பி வந்துட்டானாங்க?"

"டபுள் டூட்டியாம். நீ சாப்புடு" என்றார் அப்பா.

"சரிங்க" என்றாள் அம்மா.